காது கேட்காமல் போவது எதனால்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆடு வளர்ப்பு, வங்கிக் கடன், சிறுதானியப் பலகாரம் என்று பேசினார்கள். என்ன தலைப்பு வேணும்னு கேட்டப்ப, காதைப் பற்றிப் பேசுறேன்னு நான்தான் கேட்டு வாங்கினேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். டாக்டர் இல்லை. ஆனால் ஆறு வருசமாக என் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு காது டாக்டர், காது பரிசோதனை செய்கிறவர், பேச்சுப் பயிற்சி டீச்சர் என்று அலைந்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

காது என்றால் நமக்குத் தோடு போடுகிற பாகம்தான் ஞாபகம் வரும். கேட்கிற வேலை முழுக்க உள்ளே நடக்கிறது. துளை வழியாகப் போகிற சத்தம் செவிப்பறையில் மோதும். பெயருக்கு ஏற்ற மாதிரி அது பறை போல அதிரும். அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன. அதில் கடைசி எலும்புதான் நம் உடம்பிலேயே ரொம்பச் சின்ன எலும்பாம். அந்த அதிர்வை அவை உட்காதுக்குத் தள்ளும். அங்கே நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு பாகம், காக்ளியா என்று பெயர். அதற்குள்ளே தண்ணீர் போல ஒரு திரவம், அதில் ஆயிரக்கணக்கான மயிரிழை செல்கள். காற்றில் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வது போல அவை அசையும்போது மூளைக்குச் செய்தி போகும். ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம் செல்தான், பிறக்கும்போதே கொடுத்து அனுப்பிய கணக்கு. செத்தால் மறுபடி முளைக்காது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காது கேட்கவில்லை என்பது ஒரே வியாதி இல்லைங்க. குறும்பி அடைத்தது, செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் சீழ் என்றால் மருந்திலோ ஆபரேஷனிலோ பெரும்பாலும் சரி பண்ணலாம். உட்காதின் செல்லோ நரம்போ கெட்டுப்போனால் மருந்து கிடையாது, மெஷின்தான். எது என்று பார்த்துச் சொல்ல டாக்டரால்தான் முடியும். நாட்டு மருந்துக் கடையிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்ல முடியாது.

இப்போது என் மகள் விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம் பக்கம். வீதி முழுக்க விசைத்தறி. காலையில் தறி போட்டால் ராத்திரி வரை ஓடும். பிறந்த குழந்தையே அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். அதனால் எங்கள் ஊரில் சத்தத்துக்கு முழிக்காத குழந்தையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ‘என்னமா தூங்குது, நல்ல புள்ளை’ என்பார்கள். என் மகளுக்கு ஏழு மாசம் ஆனபோது எங்கள் அம்மாயி ஊருக்கு நோம்பிக்குப் போயிருந்தோம். அங்கே தறி கிடையாது. கோயிலில் வேட்டுப் போட்டார்கள். திண்ணையில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் வீல் என்று கத்தின. இவள் என் வளையலைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு ராத்திரி என்னால் தூங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால், “அவங்க அப்பனே மூணு வயசுலதான் பேசினான், புள்ளைக்குக் கண்ணு வைக்காதே” என்றார்கள். பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் குழந்தைக்குப் பின்னால் நின்று கை தட்டினார், அவள் திரும்பினாள். “நல்லாத்தானே இருக்கு, ரெண்டு வயசு வரைக்கும் பொறுத்துப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. கை தட்டுவது, தட்டைத் தட்டுவது எல்லாம் பரிசோதனை ஆகாது. காது கேட்காத குழந்தைக்குக் கண் ரொம்பக் கூர்மை. நிழல் அசைந்தாலும் திரும்பும், கை வீசும் காற்று பட்டாலும் திரும்பும், தரையில் அதிர்வு வந்தாலும் திரும்பும். இன்னொன்று, காது கேட்காத குழந்தையும் ஆரம்பத்தில் ‘ங்கா, ங்கா’ என்று சொல்லத்தான் செய்யும். அதை வைத்து நாம் ஏமாந்துவிடக் கூடாது. தன் குரல் தனக்கே கேட்காததால் பிறகு அது குறைந்துபோகும்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் போய் நின்றேன். அவங்கதான் அரசு மருத்துவமனையில் சின்னக் குழந்தைகளுக்கென்று தனி மையம் இருக்குன்னு சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. அங்கே முதலில் ஓ.ஏ.இ. என்று ஒரு டெஸ்ட். காதுக்குள் சின்னதாக ஒரு அடைப்பான் வைத்து மெல்லிய சத்தம் விடுவார்கள். உட்காது நன்றாக இருந்தால் அதற்கு மெல்லிசாக எதிரொலி வரும், மெஷின் அதைப் பிடித்துக் காட்டும். குழந்தை தூங்கினால் போதும், வலி கிடையாது, சில நிமிசத்தில் முடிந்துவிடும். அடுத்தது பெரா டெஸ்ட். குழந்தையைத் தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டி, சத்தம் காதில் இருந்து மூளை வரை போகிறதா என்று பார்ப்பார்கள். என் மகளுக்கு ஒன்பது மாசத்தில் முடிவு வந்தது. இரண்டு காதும் 90 டெசிபலுக்கு மேல்தான் ஏதோ கொஞ்சம் கேட்கும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் இருக்கும். அப்படி என்றால், நான் அத்தனை மாசமாகப் பாடிய தாலாட்டு ஒன்றுகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒன்பது மாசத்தில் கண்டுபிடித்ததே நல்லது என்று அங்கே சொன்னார்கள். குழந்தை பிறந்து 1 மாசத்துக்குள் காது டெஸ்ட், குறை தெரிந்தால் 3 மாசத்துக்குள் உறுதி செய்வது, 6 மாசத்துக்குள் மெஷினும் பயிற்சியும் ஆரம்பிப்பது, இதுதான் உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கு. 1, 3, 6 என்று மனசில் வைத்துக்கொள்ளுங்க. ஏன் இத்தனை அவசரம் என்றால், மூளை பேச்சைக் கற்றுக்கொள்வது முதல் மூன்று, நான்கு வயசுக்குள்தான் அதிகம். அந்தக் காலத்தில் காது வழியாக ஒன்றும் போகாவிட்டால், மூளை அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். ரெண்டு வயசு வரைக்கும் பொறுத்திருந்தால் ரெண்டு வயசும் போனதுதான்.

முதலில் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் போட்டுப் பார்த்தோம். அவள் அளவுக்குக் குறை உள்ளவர்களுக்கு அது போதவில்லை. பிறகு காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷன். வெளியில் செய்தால் பல லட்சம். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்து தருகிறார்கள். வீட்டில் பெரிய சண்டை. “பொட்டப்புள்ளைக்குத் தலையில கத்தி வச்சா நாளைக்கு யாரு கட்டுவாங்க?” என்றார்கள். “பேச்சு வந்தா அவளே பார்த்துக்குவா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எங்க வீட்டுக்காரர் அன்றைக்கு என் பக்கம் நின்றார், அதை இங்கே சொல்லியாகணும். ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் போக்குவரத்து, தங்கல், போன கூலி இதெல்லாம் யார் கொடுப்பது? எங்கள் குழுவில் சுழல் நிதியில் 15,000 ரூபாய் கடன் கொடுத்தார்கள். தவணை தள்ளிப் போனபோதும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஒன்றேமுக்கால் வயசில் ஆபரேஷன். உள்ளே ஒரு பாகம், வெளியே காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற ஒரு பாகம். புண் ஆறி மூன்று வாரம் கழித்துத்தான் மெஷினை ஓட விடுவார்கள். உடனே பேசிவிடுவாள் என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்காது. அவளுக்கு அன்றைக்குத்தான் காது பிறந்திருக்கிறது. சத்தம் என்றால் என்ன என்றே தெரியாமல் மெஷினைப் பிடுங்கிப் போட்டு அழுதாள். தினமும் காலையில் மெஷின் மாட்டியதும் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு சத்தம் சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லணும். இந்த ஆறும் கேட்டால் மனுசப் பேச்சு முழுக்கக் கேட்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு வரைக்கும் அதைச் செய்கிறேன்.

பயிற்சிக்கு அமைதியான இடம் வேணும் என்றார்கள். தறி வீதியில் அமைதிக்கு எங்கே போவது? மேற்குப் பக்க ஜன்னலை அடைத்துச் சாக்குப் போட்டேன், அப்படியும் பத்தவில்லை. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது கரண்ட் கட்டுதான். கரண்ட் போனால் வீதியே திட்டும். நான் மட்டும் பொம்மைப் பையை எடுத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்துவிடுவேன். ‘காக்கா எங்கே, காக்கா கத்துது பாரு’ என்று அவள் முதல் முதலாகக் காதால் கண்டுபிடித்ததே ஒரு கரண்ட் கட்டில்தான்.

இப்போது ரெண்டாவது படிக்கிறாள். பேசுகிறாள், சண்டை போடுகிறாள். ‘ஸ’ சரியாக வராது. கூட்டத்தில் சொன்னால் புரியாது. மெஷினைக் கழற்றினால் ஒன்றும் கேட்காது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் அவள் காது கேட்காத பிள்ளைதான். ஒயர் போனால் செலவு, பேட்டரிக்குச் செலவு. இதையும் தெரிந்துகொண்டுதான் இதில் இறங்கணும்.

சரி, ஏன் இவளுக்கு இப்படி ஆச்சு? நான் கேட்காத பேச்சு இல்லை. கிரகணத்தில் வெளியே வந்திருப்பேன், மாசமாக இருக்கும்போது எதையோ தின்றிருப்பேன் என்றார்கள். மருத்துவக் கல்லூரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, “சொந்தத்துல கல்யாணமா?” என்பதுதான். ஆமாம், நான் கட்டியது என் அத்தை மகனை. அவங்க எனக்கு விளக்கியதை நான் தறி பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு குணத்துக்கும் ரெண்டு இழை. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஓர் இழை நைந்திருந்தாலும் இன்னோர் இழை தாங்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. நைந்த இழையோடு நாம் எல்லாரும்தான் நடமாடுகிறோம். ஒரே தாத்தா பாட்டி வழியில் வந்த ரெண்டு பேர் கட்டும்போது, ரெண்டு பேரிடமும் அதே இடத்தில் நைந்த இழை இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்து, ரெண்டு நைந்த இழையும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே அறுந்துபோகிறது. இப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு. என் மூத்த மகனுக்கு ஒன்றும் இல்லை, இவளுக்கு வந்தது.

சொந்தத்தில் கட்டிய எல்லாருக்கும் இப்படிப் பிறக்காது. அசலில் கட்டியவர்களுக்கும் பிறக்கும். ஆனால் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிற நம் பக்கத்தில் இது ஒரு பெரிய காரணம். ஒன்று கவனிங்க, ரெண்டு பேர் இழையும் சேர்ந்தால்தான் இது வரும். அதனால் ‘உன் வயித்துக் கோளாறு’ என்று மருமகளை மட்டும் சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை. டாக்டரம்மா இதை எங்க அத்தையையும் உட்கார வைத்துச் சொன்னாங்க. அத்தை அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன வருசம் நாத்தனார் மகளைச் சொந்தத்தில் கேட்டு வந்தபோது, வேண்டாம் என்று முதலில் சொன்னதும் அத்தைதான்.

பிறவியில் வருவதற்கு இது தவிர வேறு காரணங்களும் உண்டு. மாசமாக இருக்கும்போது, முக்கியமாக முதல் மூன்று மாசத்தில், ரூபெல்லா என்ற அம்மை வந்தால் வயிற்றுப் பிள்ளையின் காது, கண், இதயம் மூன்றையும் கெடுக்கும். தாய்க்கு லேசான காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும்தான் தெரியும். இதற்காகத்தான் 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 15 வயசு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போட்டார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி வந்து, பாதிப் பேர் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்ததை நான் பார்த்தேன். இப்போது 9 மாசத்தில் ஒன்று, ஒன்றரை வயசு வாக்கில் ஒன்று போடுகிறார்கள். விட்டுவிடாதீங்க.

குறை மாசத்தில் பிறந்தது, ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தது, பிறந்ததும் அழாமல் இருந்தது, கண்ணாடிப் பெட்டியில் பல நாள் வைத்தது, மஞ்சள் காமாலை முற்றியது, மூளைக் காய்ச்சல் வந்தது, இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் கேட்காமலேயே காது டெஸ்ட்டுக்குக் கொண்டு போங்க. பச்சைக் குழந்தை மஞ்சளாக இருந்தால் வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீங்க.

அடுத்தது நம் காது. இதைச் சொல்லும்போது உங்களில் பாதிப் பேர் என்னையும் முறைப்பீங்க, தறி முதலாளியையும் நினைப்பீங்க. பரவாயில்லை.

தறி ஓட்டுகிறவர்கள் கிட்டப் பேசும்போது வாயைப் பார்த்துத்தான் பேசுவோம். கையைக் காட்டியே ‘தார் தீர்ந்துபோச்சு, டீ வந்தாச்சு’ என்று சொல்லிவிடுவோம். அதை நாம் திறமை என்று நினைக்கிறோம். வீட்டுக்கு வந்தால் டி.வி. சத்தம் பத்தாது, ராத்திரி காதுக்குள் ‘ங்ஙொய்’ என்று இரையும், காலையில் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறது என்பதால்தான் யாரும் டாக்டரிடம் போவதில்லை. அந்த மயிரிழை செல்கள் பகல் முழுக்கச் சாய்ந்து கிடந்து ராத்திரியில் எழுந்திருக்கின்றன. வருசக்கணக்கில் இப்படியே போனால் ஒரு நாள் எழுந்திருக்காது. சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் ஒரே ஒரு மணி நேரம். விசைத்தறிப் பட்டறையில் சத்தம் 90-ஐத் தாண்டித்தான் இருக்கும். நாம் நிற்பதோ 12 மணி நேர ஷிப்ட்.

ஒரு கை நீளத்தில் நிற்கிறவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அந்த இடம் காதுக்கு ஆகாது, மீட்டர் எல்லாம் வேண்டாம். அதற்காகத் தறியை விட்டுவிடு என்று நான் சொன்னால் சோறு நானா போட முடியும்? காதில் அடைக்கிற ஸ்பாஞ்சு அடைப்பான் மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டால் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். பஞ்சு வைத்தால் பிரயோசனம் இல்லை, சத்தம் அதில் புகுந்து போய்விடும். எங்கள் குழுவில் ஆறு பேர் ஒரு வருசமாகப் போடுகிறோம். முதல் வாரம் அரிக்கும், தறியின் சத்தம் மாறுவது தெரியாமல் நூல் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும். நடுவில் பத்து நிமிசம் வெளியே வந்து நில்லுங்க. எண்ணெய் போடாத தறி, ஆட்டம் கண்ட தறி அதிகம் கத்தும் என்பது உங்களுக்கே தெரியும், முதலாளியிடம் சொல்லிச் சரி பண்ணுங்க. கைக்குழந்தையைத் தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டிப் போடாதீங்க. இடம் இல்லை என்றால் பட்டறைக்கும் தூளிக்கும் நடுவில் ஒரு சுவராவது இருக்கட்டும்.

வீட்டில் நாம் செய்கிற சில வேலைகளும் உண்டு. காது வலி என்றால் பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய், தாய்ப்பால், கோழி இறகு, கொண்டை ஊசி, தீக்குச்சி. குறும்பி அழுக்கு இல்லைங்க, காதுக்குக் காவல். தானாக வெளியே வந்துவிடும். குச்சி விட்டால் அது உள்ளே போய் அடைக்கும், கை தவறினால் செவிப்பறை கிழியும். குழந்தைக்குக் காதில் சீழ் வந்தால் ‘பால் காது, தானா நிக்கும்’ என்று விடக்கூடாது. அது நடுக்காதில் புண். மாசக்கணக்கில் ஒழுகினால் செவிப்பறையில் ஓட்டை விழுந்து கேட்பது குறையும். நாற்றம் அடித்தால் எலும்பை அரிக்கிறது என்று அர்த்தம், மூளை வரைக்கும் போகலாம். குழந்தையைப் படுக்க வைத்துப் பால் புட்டி கொடுப்பதாலும் பால் மூக்கின் பின்பக்க வழியாக நடுக்காதுக்குப் போகும். தலையை உயர்த்தி வைத்துக் கொடுங்க.

இன்னொன்றை இந்த மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். காதோடு சேர்த்து அறைந்தால் செவிப்பறை கிழியும். குடித்துவிட்டு வந்து அறைகிற புருசனும், பிள்ளையை அறைகிற அப்பனும் இதைத் தெரிந்துகொள்ளணும். காது டாக்டரிடம் ‘கீழே விழுந்தேன்’ என்று சொல்கிற பெண்களைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். அறை வாங்கிய காதில் தண்ணீரோ எண்ணெயோ விடாமல் உடனே போய்க் காட்டுங்க. பெரும்பாலும் சின்னக் கிழிசல் தானாக மூடிவிடும், ஆனால் அதை அவர்கள்தான் பார்த்துச் சொல்லணும். இப்படி ஒருத்திக்கு நடந்தால் குழுவில் மறைக்காமல் பேசுங்க.

மருந்தாலும் காது போகும். ஜென்டாமைசின், அமிகாசின், காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, சில புற்றுநோய் மருந்துகள் இப்படி. உயிரைக் காப்பாற்ற அவை தேவைப்படும், நாமாக நிறுத்தக் கூடாது. ஊசி போடும் நாட்களில் காது இரைந்தாலோ தலை சுற்றினாலோ டாக்டரிடம் சொல்லணும், அவ்வளவுதான். சர்க்கரை இருக்கிறவர்களும் காதைப் பார்த்துக்கொள்வது நல்லது. அப்புறம், நேற்று வரை கேட்ட காது இன்றைக்குக் காலையில் திடீர் என்று அடைத்துவிட்டால் குறும்பி என்று நினைத்து ஒரு மாசம் இருந்துவிடாதீங்க. அது நரம்புக் கோளாறாக இருந்தால் முதல் சில நாட்களுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

வயசானவர்களைப் பற்றியும் சொல்லணும். எங்க அத்தைக்கு இப்போது காது மந்தம். பால் என்றால் கால் என்று காதில் விழும். வயசில் முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். க, ச, த, ப எல்லாம் மங்கிவிடும், ஆ, ஓ மட்டும் கேட்கும். அதனால்தான் ‘கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு தெரியலை’ என்கிறார்கள். நாம் ‘வேணும்னா நல்லாக் கேக்கும், வேண்டாம்னா கேக்காது’ என்று பேசுகிறோம். கத்தினால் சத்தம்தான் ஏறும், எழுத்து தெளியாது. எதிரே உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி, மெதுவாகச் சொன்னால் புரியும். காது கேட்காதவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சில் இருந்து ஒதுங்கிக்கொள்வார், கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பார். அதைத் திமிர் என்று சொல்லிவிடாதீங்க. மெஷின் போட்டால் முதல் சில வாரம் பாத்திரச் சத்தம் எல்லாம் இடி மாதிரி கேட்கும், கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டு மணி நேரம் என்று பழக்கணும். அத்தை இப்போது சீரியல் பார்க்கும்போது மட்டும் போடுகிறார், அதுவே பெரிசு.

நம் கூட்டமைப்பில் பிறவியிலேயே காது கேட்காத ஓர் அக்கா இருக்கிறார், கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார், தையல் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அவரை ‘ஊமை’ என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர் தொண்டைக்கு ஒன்றும் இல்லை, பேச்சைக் கேட்டுக் கற்க வழி கிடைக்கவில்லை. கையால் பேசுகிற சைகை மொழியும் ஒரு முழு மொழிதான். என் மகளுக்கும் நான் அதைக் கொஞ்சம் கற்றுக் கொடுக்கிறேன், மெஷின் கழற்றின நேரத்துக்கு ஆகும். கூட்டத்தில் அந்த அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, தீர்மானத்தை எழுதிக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்க.

உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு வரும் காது கேளாமையில் 100-க்கு 60 வரை தடுக்கக்கூடியது என்று சொல்கிறது. தடுப்பூசி, சீழ், மஞ்சள் காமாலை, ஊசி மருந்து, சத்தம் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கு.

அங்கன்வாடிக்கு வருசம் ரெண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் நடமாடும் மருத்துவக் குழுவின் வண்டி வரும். வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்புங்க. மூன்று, நான்கு மாசத்தில் அம்மா குரலுக்கு அழுகையை நிறுத்துகிறதா, ஆறு மாசத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, ஒரு வயசில் ஒரு வார்த்தையாவது வந்ததா, ரெண்டு வயசில் ‘அம்மா வா’ மாதிரி ரெண்டு வார்த்தை சேருகிறதா என்று தறி நிறுத்திய நேரத்தில் பாருங்க. சந்தேகம் என்றால் நர்ஸிடம் சீட்டு வாங்கிப் போகலாம். போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, தடுப்பூசி அட்டை, பிரசவத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் எடுத்துப் போங்க. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ் ஊரிலேயே எடுத்துவிடுங்க, ஆஸ்பத்திரி வாசலில் விலை ஜாஸ்தி. காதுப் பிரிவு எல்லா நாளும் இருக்காது, எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்க. இலவச மெஷினுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேணும், அதற்கும் இதே டாக்டர் சான்றுதான். முதல் தடவை தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்கள் குழுவுக்குச் சொல்லி அனுப்புங்க, நான் கூட வருகிறேன்.